செகண்டுக்கு ஒரு துடிப்பு!

உங்க வாட்ச்ல இப்போ மணி என்ன? பத்தேகாலா? சரி, அந்தப் பத்தேகால் கரெக்டா எந்தக் கணத்துல பிறந்துச்சுனு சொல்லுங்க பார்ப்போம்! முறைக்காதீங்க பாஸ்... மூணு வாரமா எனக்கு இதே வேலைதான்.

நான் ட்ரிபிள்-இ மூணாவது வருஷம். ஒரு பவர் லேப்ல இன்டர்ன்ஷிப். மின்பாதையோட ரெண்டு முனையிலயும் வோல்டேஜ் அலையை ஒரே நேரத்துல பதியணும், அதுக்கு ஜி.பி.எஸ். நேரத்தை லினக்ஸ் லேப்டாப்புக்குள்ள கொண்டு வரணும். அவ்வளவுதான் மேட்டர்!

நம்ம ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். ஒரு அலைக்கு 20 மில்லி செகண்ட், அதுல 360 டிகிரி. அப்போ 1 மில்லி செகண்ட் பிசகினா 18 டிகிரி காலி! ரெண்டு முனைக்கும் இருக்குற கோண வித்தியாசத்தை வெச்சுதான் பவர் எந்தப் பக்கம், எவ்வளவு ஓடுதுனு கணக்குப் போடுறாங்க. கடிகாரம் பொய் சொன்னா, ஓடாத பவர் ஓடுற மாதிரி தெரியும். 2003 ஆகஸ்ட் 14-ல அமெரிக்கா, கனடாவுல சுமார் அஞ்சு கோடிப் பேர் இருட்டுல மாட்டினாங்களே, அதை விசாரிச்ச குழு 2004-ல கொடுத்த அறிக்கையில, பதிவுக் கருவிகளோட நேரம் ஒண்ணா இருக்கணும்னு தனியா ஒரு பரிந்துரையே இருக்கு.

ஜி.பி.எஸ். மாட்யூல் ரெண்டு விஷயம் தரும். ஒண்ணு, 'இப்போ மணி இத்தனை'ங்கற வாக்கியம். 9600 வேகத்துல 80 எழுத்து வந்து சேரவே 83 மில்லி செகண்ட் ஆகுது. ரேடியோவுல அறிவிப்பாளர் 'நேரம் எட்டு மணி'னு சொல்லி முடிக்கறதுக்குள்ள எட்டு ஓடிப் போயிருக்கும்ல, அந்தக் கதைதான். ரெண்டாவது, ரேடியோவோட 'பீப்' மாதிரி செகண்டுக்கு ஒரு துடிப்பு. பேரு பி.பி.எஸ். நமக்கு வேண்டியது இதுதான்.

லேப்டாப்ல ஒன்பது பின் சீரியல் போர்ட் ஏது? யு.எஸ்.பி. கன்வர்ட்டர் போட்டாச்சு. வாக்கியம் வருது, துடிப்பு வரலை. 'பிபிஎஸ்டெஸ்ட்' போட்டா டைம்-அவுட்! மாட்யூல்ல விளக்கு கண் சிமிட்டுது, ஆசிலோஸ்கோப்ல துடிப்பு அழகா நிக்குது. அப்போ திருடன் நடுவுலதான். கன்வர்ட்டரைப் பிரிச்சுப் பார்த்தா, துடிப்பு நுழைய வேண்டிய டி.சி.டி. காலுக்கு ஒயரே இல்லை! காசு மிச்சம் பண்ணியிருக்காங்க புண்ணியவான்கள்.

டி.சி.டி. இருக்குற கன்வர்ட்டர் வந்துச்சு, துடிப்பும் வந்துச்சு. ஆனா இன்டர்நெட் நேரத்தோட ஒப்பிட்டா 100 மில்லி செகண்ட் வித்தியாசம். அதுவும் எப்பவும் அதே 100! சாதாரணத் தாமதம்னா கூடும், குறையும். இது அசையவே இல்லை. மாட்யூல் அனுப்புற துடிப்போட அகலமும் 100 மில்லி செகண்ட்னு ஞாபகம் வந்ததும் பொறி தட்டிச்சு. இந்தக் கன்வர்ட்டருக்கு மேல்னா கீழ், கீழ்னா மேல். துடிப்பு தொடங்கறதை விட்டுட்டு, முடியறதை லேப்டாப் எண்ணிக்கிட்டு இருக்கு! க்ரோனி செட்டிங்ல 'க்ளியர்'னு ஒரு வார்த்தை சேர்த்தேன், ஆள் சரியாயிட்டான்.

அப்பவும் கிராஃப் ஆடுது. காரணம் யு.எஸ்.பி.யோட குணம். அது தானா வாய் திறக்காது. கம்ப்யூட்டர் கேட்டாத்தான் பதில் சொல்லும், என் கன்வர்ட்டர்கிட்ட கேக்கறது 1 மில்லி செகண்டுக்கு ஒரு தடவைதான். க்ரோனி சராசரி எடுத்து ஆட்டத்தைக் குறைக்கும். ஆனா அடியில நிலையா இருக்குற தாமதம் எவ்வளவுனு அதுக்கு எப்படித் தெரியும்? மெயிலுக்கும் மேட்ச் பார்க்கவும் இந்த நேரம் தாராளம். நமக்குப் பத்தாது.

"நாலு நாள்ல இன்டர்ன்ஷிப் முடியுது... லேப்டாப் போதும்னு ரிப்போர்ட்டை முடிச்சிடலாமே தம்பி?" இது எங்க சார். எனக்குக் கை வரலை. ஸ்டோர் ரூம்ல தூசி தின்னுக்கிட்டு இருந்த பழைய டெஸ்க்டாப்பை இழுத்துட்டு வந்தேன். பின்னாடி நிஜமான ஒன்பது பின் போர்ட்! இங்க துடிப்பு வந்தா ப்ராசஸர் தோளை நேரா தட்டும், யாரும் கேக்கற வரைக்கும் காத்திருக்காது. நடுவுல ஒரு மேக்ஸ்232 சிப் வெச்சு இணைச்சேன். சிதறல் 10 மைக்ரோ செகண்டுக்குள்ள அடங்கிடுச்சு. அதாவது 0.18 டிகிரி!

ரெண்டு கிராஃபையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டிக் கொடுத்தேன். சார் மாத்தி மாத்திப் பார்த்தார்.

"அதே மாதிரி டெஸ்க்டாப் இன்னொண்ணு இருக்கானு ஸ்டோர்ல பாரு. லைனுக்கு ரெண்டு முனை ஆச்சே!"