பால்டிக் கரையில் – 4: ஸ்டாக்ஹோம் கரை யாருடையது?

ஸ்டாக்ஹோமின் கிராண்ட் ஹோட்டலில் முற்றத்தைப் பார்த்த அறைக்கு ஒரு விலை, தண்ணீரைப் பார்த்த அறைக்கு அதைவிடக் கூடுதல் விலை. அந்தக் கூடுதல் பணத்துக்குக் கிடைப்பதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே இருப்பவைதான்: ஸ்ட்ரோமென் நீர்ப்பரப்பு, அக்கரையில் அரண்மனை, அதன் பின்னே காம்லா ஸ்தான் என்னும் பழைய நகரத்தின் கூரைகள், தேவாலயக் கோபுரங்கள். இவற்றில் ஒன்றுகூட விடுதிக்குச் சொந்தமில்லை. பயண நூல்கள் இந்த விடுதியின் பெருமையைச் சரவிளக்குகளிலும் விருந்தினர் பட்டியலிலும் தேடுகின்றன. வாசலுக்கும் தண்ணீருக்கும் இடையே கிடக்கும் கல்தளத்தில் தேடச் சொல்வேன் நான். அந்தக் கரையை எவரும் வளைத்துப்போட விடாமல் இந்த நகரம் காத்தது. விடுதியின் மதிப்பும் அதனால்தான் நிற்கிறது. இந்தப் பகுதியில் நான் சொல்ல வருவது இதுவே.

விடுதியின் வரலாறு குறைந்ததல்ல. பிரான்ஸிலிருந்து வந்த சமையல் கலைஞர் ரெஜி காடியே 1874இல் இதைத் திறந்தார். கட்டட வடிவம் ஆக்செல் கும்லியனுடையது. 1901 டிசம்பர் 10 அன்று முதல் நோபல் விருந்து இங்குள்ள கண்ணாடி மண்டபத்தில்தான் நடந்தது. பிறகு விருந்து பெரிதாகி நகர மண்டபத்துக்குப் போய்விட்டது. பரிசு பெற வருகிறவர்களை இந்த விடுதியில் தங்கவைக்கும் வழக்கம் மட்டும் தொடர்கிறது. தமிழ் வாசகருக்கு இந்த நகரத்தின் டிசம்பர் மாதம் அந்நியமானதல்ல. 1930இல் சர் சி. வி. ராமனும், 1983இல் அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகரும், 2009இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனும் இங்கே வந்துதான் பரிசு பெற்றார்கள். இப்போது விடுதியின் உரிமை, ஸ்வீடனின் மிகப் பெரிய தொழில் குடும்பமான வாலன்பெரிகளின் முதலீட்டு நிறுவனத்திடம் இருக்கிறது. அவ்வளவு செல்வமும் அவ்வளவு புகழும் கொண்ட ஒரு கட்டடத்தின் முன்னால் என்ன இருக்கிறது? ஸ்ட்ரோம்காயென் படகுத்துறை. நகருக்குக் கிழக்கே கடலில் சிதறிக் கிடக்கும் முப்பதாயிரம் தீவு, திட்டுகளை நோக்கி வாக்ஸ்ஹோல்ம் படகுகள் புறப்படுவது அங்கிருந்துதான். அவற்றை நடத்துவது பொது நிர்வாகம். காய்கறிப் பையோடு தீவு வீட்டுக்குத் திரும்புகிறவர்களும் மிதிவண்டியோடு ஏறுகிறவர்களும் நிற்கும் அந்தத் துறையை, கடலுக்கான பேருந்து நிலையம் என்று சொல்லலாம். நாட்டின் மிக விலையுயர்ந்த அறைகளுக்கு நேர் கீழே அது இருப்பது யாருக்கும் உறுத்தவில்லை. 2013இல் அங்கே புதிய முனையக் கட்டடங்கள் எழுந்தபோதும் படகுத்துறையை ஒதுக்குப்புறத்துக்கு விரட்டவில்லை.

இனி தண்ணீருக்கு வருவோம். ஸ்டாக்ஹோம் பதினான்கு தீவுகளின் மேல் கட்டப்பட்டது. மேற்கே மேலரன் ஏரியின் நன்னீர், கிழக்கே பால்டிக்கின் உவர்நீர். ஏரி கடலில் இறங்கும் வாய் விடுதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த நகரம் நாற்றத்துக்கும் நோய்க்கும் பேர்போனது. 1834இல் காலரா ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது. காடியே விடுதியைத் திறந்த பிறகும் பல பத்தாண்டுகள் நகரத்தின் கழிவு இதே நீரில்தான் கலந்தது. நிலைமையை மாற்றியவை பாறைக்குள் குடைந்த சுத்திகரிப்பு நிலையங்கள். ஹென்ரிக்ஸ்டால் நிலையம் 1941இல், ஐரோப்பா போரில் எரிந்துகொண்டிருந்த ஆண்டில், இயங்கத் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளில் பாஸ்பரஸை நீக்கும் முறைகள் சேர்ந்தன. இன்று மேலரன் நகரின் குடிநீர். கோடையில் லாங்ஹோல்மென் கரையில் குழந்தைகள் குளிக்கிறார்கள். அரண்மனைக்கு எதிரே, பாராளுமன்றத்துக்கு அருகில், தூண்டிலோடு நிற்பவர் சால்மன் பிடிக்கக் கட்டணம் ஏதும் செலுத்துவதில்லை. மீன்குஞ்சுகளை நகரம் தன் செலவில் விடுகிறது. விடுதி விற்கும் காட்சியின் பாதி அழகு இந்தத் தெளிந்த நீர். அதை உண்டாக்கியது வரிப்பணமும் பொறியாளர்களின் பொறுமையும்.

கரையைக் காத்ததில் சண்டைக்கும் பங்குண்டு. விடுதியிலிருந்து சில நிமிட நடையில் இருக்கும் குங்ஸ்ட்ரெட்கோர்டன் பூங்காவில், மெட்ரோ வாசல் ஒன்றுக்காக எல்ம் மரங்களை வெட்ட 1971 மே மாதம் நகராட்சி ஆட்களை அனுப்பியது. மக்கள் திரண்டு மரங்களின் மேல் ஏறிக்கொண்டார்கள், காவல்துறையோடு மோதினார்கள். மரங்கள் தப்பின, மெட்ரோ வாசல் வேறிடத்துக்குப் போனது. விடுதி நிற்கும் பிளாசியஹோல்மென் முனையிலேயே இன்னொரு சோதனை வந்தது. டேவிட் சிப்பர்ஃபீல்ட் வடிவமைத்த நோபல் மையத்தை அங்கே கட்டத் திட்டம். நோபல் என்ற பெயர், பெரும் கொடைகள், 2016இல் நகர்மன்ற ஒப்புதல் என எல்லாம் கூடிவந்தன. ஆனால் அதற்காக 1870களின் பழைய சுங்கச் சாவடியை இடிக்க வேண்டியிருந்தது. நிலம், சுற்றுச்சூழல் நீதிமன்றம் 2018இல் திட்டத்தை நிராகரித்தது. துறைமுகமாக இருந்த நகரத்தின் தடயத்தை அந்தப் பருமனான கட்டடம் சிதைத்துவிடும் என்பது தீர்ப்பின் சாரம். மையத்துக்கான திட்டம் இப்போது ஸ்லூசன் பக்கம் இடம் மாறியிருக்கிறது. நாட்டின் மிக மதிப்புள்ள பெயருக்கே கரையை விட்டுக்கொடுக்க மறுத்த தீர்ப்பு என்று இதைப் படிக்கிறேன்.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது, ஸ்டாக்ஹோம் எல்லாவற்றையும் காக்கவில்லை என்பது. உண்மைதான். விடுதியிலிருந்து மேற்கே சற்று நடந்தால் வரும் கிளாரா பகுதியின் பழைய தெருக்களை 1950களிலிருந்து நகரமே இடித்துத் தள்ளியது. அங்கே இன்று செர்கெல் சதுக்கமும் அலுவலகக் கோபுரங்களும் நிற்கின்றன. காம்லா ஸ்தானுக்கும் ரித்தார்ஹோல்மென் தீவுக்கும் இடையே ரயில் பாதையும் அதிவேகச் சாலையும் நீரை மறைத்துக்கொண்டு ஓடுகின்றன. இந்தத் தவறுகளை நான் மறைக்க விரும்பவில்லை. என் வாதத்துக்கு அவை பலமே சேர்க்கின்றன. 1971இல் மரத்தில் ஏறியவர்களின் கோபத்துக்குக் கிளாராவின் இடிபாடும் ஒரு காரணம். கரை தானாகத் தப்புவதில்லை, எங்கே மக்கள் சும்மா இருந்தார்களோ அங்கே போய்விட்டது.

பணக்கார நாட்டின் பணக்காரருக்குத்தானே இந்தக் காட்சி என்று கேட்பவரும் உண்டு. அவருக்கு ஸ்கெப்ஸ்ஹோல்மென் தீவைக் காட்டுவேன். விடுதியிலிருந்து ஒரு பாலம் கடந்தால் அஃப் சாப்மன் என்ற மூன்று பாய்மரக் கப்பல் கட்டி நிறுத்தப்பட்டிருக்கிறது. 1888இல் இங்கிலாந்தில் கட்டப்பட்ட அந்தச் சரக்குக் கப்பல் 1949 முதல் இளைஞர் விடுதி. அதன் குறுகிய படுக்கையிலிருந்து எழுந்து தளத்துக்கு வருபவர் பார்ப்பதும் அதே அரண்மனையை, அதே நீரை. மெட்ரோவில் செல்லும் பயணச்சீட்டோடு யூர்கோர்டன் படகில் ஏறியும் அதே காட்சியைக் கடக்கலாம். வீடு கிடைக்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நகரத்தில் கரையைக் கட்டடமில்லாமல் விடுவது ஆடம்பரம் என்ற வாதத்தை மட்டும் நான் எளிதாகத் தள்ளமாட்டேன். ஆனால் கரையோர மனைகளில் சந்தை கட்டுவது எளியவருக்கான வீடுகளை அல்ல. அங்கே எழும் முதல் சுவர், கரையில் நடப்பவருக்கு எதிராகவே எழும்.

ஸ்டாக்ஹோம் போகிறவர்கள் கிராண்ட் ஹோட்டலில் தங்க வசதியிருந்தால் தங்குங்கள், அதில் குற்றமில்லை. தங்கினாலும் தங்காவிட்டாலும் ஸ்ட்ரோம்காயெனுக்குப் போய் ஒரு வாக்ஸ்ஹோல்ம் படகில் ஏறுங்கள். படகு விலகும்போது திரும்பிப் பாருங்கள்: விடுதி, துறை, பாலம் எல்லாம் ஒரே வரிசையில் தெரியும். அந்த வரிசையில் எது யாருக்குச் சொந்தம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள்.