காய்ச்சல் தணிந்த பின்

டிங்கிக் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ உடற்சூடு இறங்குகிறது. வீட்டார் நிம்மதிப் பெருமூச்சு விடுகின்றனர். மருத்துவரோ அப்போதுதான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருக்கத் தொடங்குகிறார். குருதிப்போக்குடன் கூடிய டிங்கி, பினாங்கில் 1962இல் தலைகாட்டியது. அன்று தொட்டு மலேசிய இல்லங்கள் பலவும் அறிந்த முரண் இது. இதன் விடை குருதிக்குழாயின் உட்புறத்தில் இருக்கிறது.

குருதிக்குழாயைத் தண்ணீர்க் குழாய்போல் எண்ணுவோர் பலர். பொருந்தாத உவமை அது. அதன் உட்புறத்தை ஓரடுக்கு உயிரணுக்கள் ஓடு பாவியதுபோல் மூடியுள்ளன. தந்துகிகளில் அவ்வடுக்கே ஏறத்தாழ முழுச் சுவரும் ஆகும். அதன் தடிமன் பல இடங்களில் மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நீரும் உப்பும் சர்க்கரையும் இடுக்குகள் வழியே திசுக்களை அடைகின்றன. ஆல்புமின் முதலிய பெரிய புரதங்கள் பெரும்பாலும் உள்ளேயே நிறுத்தப்படுகின்றன. அண்டை உயிரணுக்களைக் கேடெரின் என்னும் புரதம் கைகோத்தாற்போல் பிணைக்கிறது. அவற்றின்மேல் சர்க்கரையும் புரதமும் கலந்த பூச்சொன்று பாசிபோல் படர்ந்திருக்கிறது.

இப்பிணைப்பு இறுகியே கிடப்பதன்று; வேண்டும்போது தளர்வதே அதன் சிறப்பு. கொசு கடித்த இடம் தடிப்பது ஏன்? அங்கே வெளிப்படும் ஹிஸ்டமின், உயிரணுக்களிடையே இடைவெளி விடச் செய்கிறது. நீர் கசிந்து தோல் புடைக்கிறது. அவ்விடைவெளிகள் நுண்சிரைகளில் தோன்றுவதை மஜ்னோவும் பாலாடேயும் 1961இல் எலிகளிடம் மின்னணு நுண்ணோக்கியால் கண்டு காட்டினர். சற்று நேரத்தில் கதவு மூடிக்கொள்ளும்.

டிங்கியிலோ தளர்ச்சி ஓரிடத்தோடு நிற்பதில்லை. கிருமி தொற்றிய உயிரணுக்கள் என்.எஸ்.1 என்னும் புரதத்தைக் குருதியில் விடுகின்றன. அது அந்தப் பாசிப் பூச்சைச் சிதைப்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. உடலின் தற்காப்புப் பொருள்களும் அளவு மீறிச் சுரந்து பிணைப்பை நெகிழ்த்துகின்றன. குருதியின் நீர்ப்பகுதி மார்பறையிலும் வயிற்றறையிலும் கசிய, எஞ்சிய குருதி தடிக்கிறது. அதில் நூற்றுக்கு 40 பங்காக இருந்த சிவப்பணுக்கள் 48 ஆக ஏறினால் கசிவு கடுமை என மருத்துவர் கொள்வர்.

ஆயினும் சுவர் இடிந்துவிடுவதில்லை. பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரத்தில் பிணைப்பு மீள்கிறது. கசிந்த நீர் மெல்லக் குருதிக்குத் திரும்புகிறது. ஆகவே அவ்விரு நாளும் சிரைவழி நீர் ஏற்றுவது கழைக்கூத்தாடியின் நடையாகும். குறைந்தால் நாடி தளர்ந்து உடல் அதிர்ச்சியுறும்; மிகுந்தால், திரும்பும் நீரும் சேர்ந்து மூச்சுத் திணறும். அந்த இடுக்குகளை அடைக்கும் மருந்து எதுவும் இதுவரை வழக்கில் இல்லை. வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கைகால் சில்லிடுதல் ஆகியவை சூடு தணிந்தபின் தோன்றினால், மருத்துவமனைக்கு ஒரு மணி நேரம் முந்துவதும் பிந்துவதும் ஒன்றல்ல.