ரெண்டு விளக்கும் எரிந்தால்...

எம்.ஜி.ஆரும் நம்பியாரும் கத்திச்சண்டை போட்டால் மாடிப்படி ஏறி, மேஜை மேல் குதித்து, 'டங்... டங்...' என்று கத்தியும் கத்தியும்தான் மோதும். ஆளுக்கு ஒன்றும் ஆகாது. அதே நினைப்பில் ஒலிம்பிக் வாள்சண்டையைப் பார்க்க உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள். கண் சிமிட்டுவதற்குள் இருவரும் பாய்வார்கள். சிவப்பு, பச்சை இரண்டு விளக்கும் சேர்ந்து எரியும். 'அதெப்படி ரெண்டு பேருக்குமே குத்து விழும்?' என்பீர்கள்.

விழத்தான் செய்யும். உங்கள் கத்தி எதிராளியை எட்டுகிற தூரத்தில், அநேகமாக அவர் கத்தியும் உங்களை எட்டும். தவிர, கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கை அசைய சுமார் 0.2 விநாடி ஆகிறது. எதிராளியின் கத்தி வருவது உறைப்பதற்குள் உங்கள் கை கிளம்பியிருக்கும். பாதியில் திருப்பிக் கூப்பிட முடியாது.

'எப்பே' என்ற வகையில் இரண்டு குத்துக்கும் இடைவெளி 0.04 விநாடிக்குள் இருந்தால் ஆளுக்கொரு பாயின்ட். 'ஃபாயில்', 'சேபர்' (2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நம்ம சென்னை பவானி தேவி ஆடியது சேபர்தான்) இரண்டிலும் கதை வேறு. முதலில் தாக்க ஆரம்பித்தவருக்குத்தான் பாயின்ட். வருகிற கத்தியைத் தட்டிவிட்டால் அந்த உரிமை உங்களுக்கு மாறும். இருவரும் சரியாக ஒரே நேரத்தில் பாய்ந்திருந்தால் யாருக்கும் கிடையாது.

ஏன் இந்த வம்பு? நிஜக் கத்தி நெஞ்சுக்கு நேரே வந்தால் யாராக இருந்தாலும் முதலில் அதைத் தட்டிவிடத்தான் பார்ப்போம். மழுங்கின முனை, முகமூடி, பாதுகாப்பு உடை எல்லாம் வந்ததும் உயிர்ப்பயம் போய்விட்டது. 'நான் வாங்கினாலும் பரவாயில்லை, உனக்கு ஒண்ணு கொடுக்காமல் விடமாட்டேன்' என்று பாயலாம். போன பயத்தை விதி போட்டுத் திரும்ப வரவழைத்திருக்கிறார்கள்.

எப்பேயில் அந்த விதி இல்லாததால், முன்னணியில் இருப்பவர் தெரிந்தே குத்து வாங்குவதும் உண்டு. 15 பாயின்ட் ஆட்டத்தில் ஸ்கோர் 14-13 என்று வையுங்கள். இரண்டு விளக்கும் எரிந்தால் 15-14. ஆட்டம் க்ளோஸ்! ஆனால், 14-14 என்றால் இந்தத் தந்திரம் பலிக்காது. இரட்டைக் குத்து கணக்கிலேயே சேராது. கடைசிக் குத்தை மட்டும் வாங்காமல் கொடுத்தாக வேண்டும்.

நம் வீட்டுச் சண்டைகளில் விளக்கு வைக்கவில்லை, பிழைத்தோம். வைத்திருந்தால் தினமும் இரண்டும் சேர்ந்துதான் எரியும். இருவருமே 'ஜெயிச்சது நான்தான்' என்று தூங்கப் போவோம்.