ரயில் இல்லாத ஊரின் ரயில் விடுமுறை

மூங்கில்துறைப்பட்டில் ரயில் சத்தம் கேட்காது. தென்பெண்ணை ஆறு, கூட்டுறவு சர்க்கரை ஆலை, கரும்பு ஏற்றி ஆடி அசைந்து போகும் டிராக்டர்கள்... இவைதான் ஊரின் அடையாளம். ஆனாலும், முழுப் பரீட்சை முடிகிற நேரத்தில் இந்த ஊர்ப் பிள்ளைகளும் கேட்பது அதையேதான்: "இந்த லீவுக்கு ரயில்ல போலாமாப்பா?"

ரயிலேற இங்கிருந்து இரண்டு வழி. வடக்கே திருவண்ணாமலை. தெற்கே சங்கராபுரம், கள்ளக்குறிச்சி தாண்டி சின்னசேலம். எந்தப் பக்கம் போனாலும் முதல் பயணம் பஸ்ஸில்தான்.

கூட்டமாக ரயிலேறி ஒருநாள் வெளியூர் போய்வரும் வழக்கத்துக்குப் பெயர் வாங்கித் தந்தவர் இங்கிலாந்தின் தாமஸ் குக். 1841 ஜூலை 5 அன்று லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்குச் சுமார் 500 பேரை அழைத்துப் போனார். கட்டணம் ஆளுக்கு ஒரு ஷில்லிங். போனது எதற்குத் தெரியுமா? மதுவிலக்குக் கூட்டத்துக்கு! அடுத்த 15 ஆண்டுகளில், 1856 ஜூலை 1 அன்று, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது.

நம்மவர்களுக்கு லீவு என்றால் கோயிலும் தாத்தா வீடும்தான். விழுப்புரம் - காட்பாடி மீட்டர் கேஜ் பாதை திருவண்ணாமலையைத் தொட்டபோது, மாட்டுவண்டி கட்டிப் போன தூரங்கள் சுருங்கின. அகலப்பாதை வேலைக்காகச் சில ஆண்டுகள் அந்தத் தடம் மூடிக் கிடந்தது தனிக் கதை. இப்போது ராமேஸ்வரம் - திருப்பதி விரைவு ரயிலே அந்த வழியாகப் போகிறது.

இருந்தாலும் பிள்ளைகளின் மனதில் இருப்பது ஊட்டி ரயில்தானே! வெள்ளைக்கார அதிகாரிகள் வெயிலுக்குப் பயந்து மலையேறிய காலத்தில் போட்ட பாதை அது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இல் ரயில் ஓடியது. ஊட்டியைத் தொட 1908 ஆனது. மொத்தம் 46 கிலோமீட்டர், 16 குகைகள், 208 வளைவுகள். கல்லாறு முதல் குன்னூர் வரை ஏற்றம் கடுமை. அதனால் இரு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை பதித்திருக்கிறார்கள். இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டே ஏறும். அதுவும் முன்னால் நின்று இழுக்காது. பின்னால் இருந்து தள்ளும். மேலே போய்ச் சேர ஐந்து மணி நேரம் ஆகும். பஸ்ஸில் போனால் அதில் பாதிகூட ஆகாது. ஆனால், அவசரக்காரர்கள் யாரும் இதில் ஏறுவதில்லை. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இது இடம்பிடித்தது.

மூங்கில்துறைப்பட்டுக் குடும்பம் இதில் ஏற வேண்டுமானால் சேலம் போய், நள்ளிரவு தாண்டி வரும் நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடிக்கலாம். விடிந்ததும் மேட்டுப்பாளையம், ஏழு மணிக்கு மேல் மலை ரயில் தயார். புளிசாதமும் ஸ்வெட்டரும் மறக்கக் கூடாது.

டிக்கெட்தான் பெரிய சிக்கல். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 120 நாள்களிலிருந்து 60 நாள்களாகக் குறைந்துவிட்டது. மே முதல் வாரப் பயணத்துக்கு மார்ச் முதல் வாரமே காலை 8 மணிக்குப் போனும் கையுமாக உட்கார வேண்டும். பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் நேரம் அது!

சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு 16 கிலோமீட்டர் புதிய பாதை வேண்டும் என்பது இந்தப் பகுதி மக்களின் பல வருட எதிர்பார்ப்பு. அது வந்தாலும் கள்ளக்குறிச்சி வரை பஸ்தான். ஜன்னலோர சீட்டுக்கான அண்ணன் தங்கை சண்டை அந்த பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிடும்.