செர்ரி என்னும் களாக்காய்

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நம் இல்லங்களில் வெட்டப்படும் கேக்கின்மீது மாணிக்கம்போல் சிவந்து வீற்றிருக்கும் அந்தச் சிறு உருண்டையை நாம் எல்லாரும் செர்ரி என்றே அழைக்கிறோம். பேக்கரிக்காரர் அப்படித்தான் சொல்கிறார். பொட்டலத்தின்மேல் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது. பீடாவின் உச்சியில் குச்சியால் குத்தி நிறுத்தியிருப்பதையும் குழந்தைகள் அந்தப் பெயராலேயே அறிவார்கள். ஆயினும் நம் ஊர்க் கடைகளில் இப்பெயரால் விற்கப்படுவதில் பெரும்பகுதி செர்ரி அன்று, அது களாக்காய்.

முட்புதரில் காய்க்கும் களாக்காயைக் கீறி, விதை நீக்கி, உப்புநீரில் ஊறவைத்து, நிறமேற்றி, சர்க்கரைப் பாகைச் சிறிது சிறிதாக ஊட்டி எடுத்ததே நம் கேக்கின் மாணிக்கம். ஐயமுள்ளவர் ஒன்றை இரண்டாக அறுத்துப் பார்க்கலாம். செர்ரியின் நடுவே ஒற்றைக் கொட்டை ஒன்றே இருக்கும். களாவில் பக்கவாட்டுக் கத்திக்கீறலும், நாலைந்து சிறு விதைகள் இருந்த குழிவும், சில வேளைகளில் கத்திக்குத் தப்பிய தட்டையான விதை ஒன்றும் தென்படும். (கேக்கினுள் சதுரத் துண்டுகளாக வரும் டூட்டி ஃப்ரூட்டி பப்பாளிக்காய். அதன் கதை வேறு.)

மெய்யான செர்ரி நம் மண்ணில் விளையாததற்குக் காரணம் குளிர். குளிர்காலத்தில் பல நூறு மணி நேரம் ஏழு பாகை செல்சியசுக்குக் கீழே உறங்கினால்தான் அம்மரம் வசந்தத்தில் பூக்கும். இந்தியாவில் முதன்மையாகக் காஷ்மீரும் இமாசலப் பிரதேசமும்தான் அதற்கு ஏற்ற நிலங்கள். மார்கழியில்கூடப் போர்வையை உதறிவிட்டுப் படுக்கும் திருவள்ளூர் மாவட்டத்தில் அது எங்ஙனம் வளரும்? ஆகவே நம் முன்னோர் கைக்கெட்டிய காயை எடுத்துக்கொண்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் தாய் வீடு பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அப்பால், அல்லிக்குழி மலையடிவாரத்துச் செம்மண் காட்டை ஒட்டிய சிற்றூர். வைகாசி பிறந்ததும் ஆடு மேய்க்கும் சிறுவர்கள் துண்டில் முடிந்து களாக்காய் கொண்டுவருவார்கள். கவைபோல் இரண்டாகப் பிரிந்த முள்ளும், ஒடித்தால் வடியும் வெண்பாலும், மல்லிகையை நினைவூட்டும் மணமுள்ள வெள்ளைப் பூவும் கொண்ட செடி அது. அரளிக்கும் நந்தியாவட்டைக்கும் உறவு. முற்றாத காய் வெளிறிய பச்சை, பின்பு கன்னம் சிவந்தாற்போல் ஒரு பக்கம் செந்நிறம் படரும், பழுத்தால் கருநீலம். யாழின் கரிய கோட்டுக்குக் களாப்பழத்தை உவமை சொல்லியிருக்கிறார் புறநானூற்றில் பரணர். பள்ளிக்கூட வாசலில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்ற கிளாக்காயும் இதுவே.

அம்மா கன்னம் சிவந்த காய்களை மட்டும் பொறுக்குவார். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கீறுவார். இல்லாவிட்டால் அந்தப் பால் விரலில் பிசினாக ஒட்டும். ஊசியின் காதுப்புறத்தால் விதைகளைத் தள்ளியபின், காய்கள் ஓர் இரவு முழுதும் உப்புநீரில் கிடக்கும். மறுநாள் தெளிந்த சுண்ணாம்பு நீர். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்து மேல்நீரை மட்டும் வார்ப்பார். காயின் சதையை இறுக்கி, கொதியில் கரைந்துவிடாமல் காப்பது அது. பிறகு உப்பும் சுண்ணாம்பும் போகும்வரை நான்கைந்து தண்ணீர் மாற்றி அலசி, கொதிநீரில் ஒரு முறை போட்டெடுத்து வடிப்பார். களாவின் புளிப்பு பித்தளையில் களிம்பேற்றும் என்பதால் மண்சட்டிதான்.

அதன்பின் பாகு. பொறுமையில்லாதவருக்கு இவ்வேலை கைகூடாது. முதல் நாளே கெட்டிப் பாகில் இட்டால், காயிலுள்ள நீர் விரைந்து வெளியேறி, சர்க்கரை உள்ளே புகுமுன் காய் சுருங்கித் தோலாகிவிடும். ஆகவே முதல் நாள் நீர்த்த பாகு; மறுநாள் காய்களை வடித்து, பாகைமட்டும் சற்றே சுண்டவைத்து, ஆறியபின் மீண்டும் காய்களை இடுதல்; மூன்றாம் நாள் இன்னும் கொஞ்சம். இவ்வாறு ஏழு, எட்டு நாள்கள். பாகு கம்பிப் பதம் தாண்டும்போது காய்கள் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நிலைக்கு வந்திருக்கும். நிழலில் உலர்த்திப் பீங்கான் ஜாடியில் இட்டு, வேடு கட்டி, பரண்மேல் ஏற்றினால், டிசம்பர்வரை அதை யாரும் தொடக்கூடாது. நிறத்துக்கு அம்மா நன்கு கனிந்த களாப்பழங்கள் சிலவற்றைப் பாகில் நசுக்கிவிடுவார். வந்தது கடைச் செர்ரியின் பளீர்ச் சிவப்பு அன்று. மங்கிய ரோஜா நிறம். ஆனால் நாவில் முதலில் இனிப்பு, அடுத்து மெல்லிய புளிப்பு, இறுதியில் துவர்ப்பின் ஒரு நிழல். கடைச் செர்ரியில் சர்க்கரையைத் தவிர வேறு சுவையை நான் கண்டதில்லை.

வீட்டில் அடுப்பங்கரைச் சாதனங்கள் அதிகமில்லை. அலுமினிய அண்டாவில் மணல் பரப்பி, நடுவே கிண்ணத்தை வைத்து மூடி, மூடியின்மேலும் தணல் குவித்து ரவை கேக் சுடுவார் அம்மா. திருவிழாக் கேக்குக்கு மட்டும் மாவை வீட்டிலேயே கலந்து, தூக்குப் பாத்திரத்தில் அடைத்து, திருவள்ளூர் பேக்கரிக்குக் கொண்டுபோய்ச் சுட்டு வாங்குவோம். அவரவர் தட்டில் அவரவர் அடையாளமாகக் களாக்காயை ஓர் ஒழுங்கில் பதித்து வைப்பது வழக்கம். எங்களுடையது சிலுவை வடிவில் ஐந்து. மிச்சம் பிரட் புட்டிங்குக்கும் கஸ்டர்டுக்கும். அரக்கோணத்து ரயில்வே குடியிருப்பில் வேலை பார்த்த என் பெரியம்மா, அங்கிருந்த ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் கற்றுவந்த பக்குவங்கள் இவை.

நாம் இன்னொருவர் பண்டத்தை நகல் செய்து வாழ்கிறோம் என்ற கூச்சம் சிலருக்கு இருக்கக்கூடும். எனக்கு இல்லை. ஜெர்மானிய நாடுகளின் கத்தோலிக்க இல்லங்களில், டிசம்பர் 4-ஆம் நாள் புனித பார்பராவின் விழாவன்று செர்ரிக் கிளைகளை வெட்டித் தண்ணீரில் வைப்பார்கள். அவை கிறிஸ்து பிறப்பன்று வீட்டுக்குள்ளே பூக்கும். ஆங்கிலேயரின் பழைய விழாப்பாடல் ஒன்றில், கருவுற்றிருந்த அன்னை மரியாள் யோசேப்பிடம் செர்ரிப்பழம் பறித்துத் தரக் கேட்க, அவர் மறுக்க, மரமே வளைந்து பழத்தை நீட்டுகிறது. இந்தக் கதையின் வேரைத் தேடிச் சென்றால், மத்தேயுவின் பெயரால் வழங்கும், திருமுறையில் சேராத ஒரு பழைய நூலில் போய் முடியும். அங்கே எகிப்துக்குத் தப்பியோடும் வழியில் அன்னைக்காக வளைவது பேரீச்ச மரம். பேரீச்சை வளராத குளிர்நாட்டார் அதைச் செர்ரியாக்கிக்கொண்டார்கள். செர்ரி வளராத வெயில்நாட்டார் செர்ரியைக் களாவாக்கிக்கொண்டோம். இதில் யார் யாரை நகல் செய்தார்கள் என்று கேட்பது வீண்.

மேலைநாட்டு ஜாடிச் செர்ரியின் வரலாறும் நம் கதைக்கு நெருக்கமானதே. அட்ரியாட்டிக் கடலோரத்து மராஸ்கா என்னும் புளிப்புச் செர்ரியை மதுவில் ஊறவைத்துச் செய்த அரிய பண்டம் அது. 1920-களில் அமெரிக்காவின் ஆரிகன் வேளாண் கல்லூரிப் பேராசிரியர் எர்னஸ்ட் வீகண்ட், சுண்ணாம்புச் சத்து உப்பைச் சேர்த்த உப்புநீரில் ஊறவைத்தால் செர்ரி குழையாமல் இறுகி நிற்கும் என்று கண்டு, அம்முறையைச் செம்மைப்படுத்தினார். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தெளியவைத்த என் அம்மா அவர் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை.

நான் மணமாகிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்தது 1988-இல். கணவருக்குச் சிப்காட் தொழிற்பேட்டையில் உருக்காலை வேலை. இங்குள்ள இலங்கைத் தமிழர் முகாமைச் சேர்ந்த ஒரு சகோதரி பல்லாண்டுகளாக டிசம்பரில் எனக்கு ஒரு துண்டு கேக் கொண்டுவந்து தருகிறார். (அகதிகள் முகாம் என்ற பெயரை 2021-இல் தமிழக அரசு மறுவாழ்வு முகாம் என மாற்றியது.) அவர்களது கேக்கில் மைதாவினும் ரவையே முதன்மை. முந்திரி, இஞ்சிப் பாகு, பூசணித் தோசி, தேன், பன்னீர் எல்லாம் சேர்ந்து, கேக் என்பதைவிட அல்வாவுக்கு அண்மையில் நிற்கும். ஓராண்டு என் ஜாடியிலிருந்து ஒரு கிண்ணம் கொடுத்தேன். வாயிலிட்டவர் சற்று நேரம் பேசவில்லை. “அக்கா, இது எங்கட கிளாக்காயெல்லோ? பத்தைக்குள்ள போய்ப் புடுங்கித் திண்ட சாமான். இதையே செர்ரி எண்டு காசு குடுத்து வாங்கினனான்?” என்றார்.

அடுத்து அதை அறிந்துகொண்டவர் எங்கள் மாடியில் குடியிருந்த உத்தரப் பிரதேசப் பெண். கணவர் ஓர் உலோகத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. மூன்றாண்டுகள் இருந்தும் தமிழ் அரைகுறை. நான் முற்றத்தில் காய் கீறிக்கொண்டிருந்தபோது படியிறங்கி வந்தவர் முகமெல்லாம் மலர, “கரோந்தா! ஆன்ட்டி, இது கரோந்தா!” என்று பக்கத்தில் உட்கார்ந்து கத்தியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் ஊரில் இது ஊறுகாய்க்கு உரியதாம். அவரது விரல்கள் என்னுடையதைவிட விரைவாகக் கீறின. அன்று மாலைக்குள் என் இரண்டு கிலோவில் அரைக் கிலோ பச்சைமிளகாயோடு ஊறுகாயாகிவிட்டது.

ஈழத்துப் பெண்ணுக்கும் கங்கைக்கரைப் பெண்ணுக்கும் தெரிந்த காய், இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த என் பேத்திக்குத் தெரியவில்லை. அவளுக்குச் செர்ரி தெரியும். அமெரிக்க அதிபர் வாஷிங்டன் சிறுவயதில் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு உண்மையை ஒப்புக்கொண்ட கதையும் தெரியும். (அது 1806-இல் வீம்ஸ் என்னும் பாதிரியார் தம் நூலில் சேர்த்துவிட்ட கட்டுக்கதை என்பது வேறு வேடிக்கை.) களா என்ற சொல் மட்டும் அவள் காதில் விழுந்ததில்லை.

பெயர் போனால் என்ன, பண்டம் இருக்கிறதே என்று சொல்லலாம். நான் அப்படி எண்ணவில்லை. பண்டத்தின் பெயர் செர்ரி என்று ஆனபின், அது காய்க்கும் செடியைக் கேட்பார் இல்லை. செடியின் பெயர் மறைந்தபின், அது நிற்கும் நிலத்துக்குத் தரிசு, மேய்க்கால், புறம்போக்கு என்ற பெயர்களே மிஞ்சுகின்றன. பதிவேட்டில் தரிசு என்று எழுதிய நிலத்தை அழிக்க யாருக்கும் மனம் உறுத்துவதில்லை. கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே தேர்வாய்க்கண்டிகையில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மேய்ச்சல் காட்டைத் தொழிற்பூங்காவுக்கு எடுத்தபோது, அவ்வூர் மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். ஆடுமாடும் விறகும் மூலிகையும் தரும் காடு அது என்பது அவர்கள் வாதம். ஆயினும் தொழிற்பூங்கா எழுந்தது. தொழிற்சாலை வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. என் வீட்டில் முப்பது ஆண்டுகள் உலை கொதித்தது ஆலைச் சம்பளத்தில்தான். அந்த முட்காட்டை ‘ஒன்றுமில்லாத இடம்’ என்று சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். இந்தப் பளீர்ச் சிவப்புக்கு வழக்கமாகச் சேர்ப்பது எரித்ரோசின் என்னும் செயற்கை நிறமி. நம் நாட்டில் அளவு வரையறையோடு அனுமதி பெற்றது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் உணவில் அதற்கான அனுமதியைத் திரும்பப் பெற்று, உணவுத் தயாரிப்பாளர்களுக்கு 2027 ஜனவரிவரை அவகாசம் தந்தது. துணிச்சாயமான ரோடமின்-பி கலந்த பஞ்சுமிட்டாயை 2024 பிப்ரவரியில் தமிழக அரசு தடை செய்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை உண்ணும் இரண்டு செர்ரியால் எவர் உடலும் கெட்டுவிடாது என்றே நானும் நினைக்கிறேன். ஆனாலும் மங்கிய ரோஜா நிறத்தைப் பார்த்ததும், “பழசா பாட்டி?” என்று என் பேத்தி கேட்டபோது, அந்தச் சாயம் எங்கே ஏறியிருக்கிறது என்று விளங்கியது.

சென்ற ஆனியில் பொன்னேரிச் சந்தையில் ஒரு மூதாட்டியிடம் மூன்று கூறு களாக்காய் இருந்தது. ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் காட்டிலிருந்து வந்ததாம். மூன்றையும் வாங்கினேன். பழுத்திருந்த சிலவற்றின் விதைகளைக் கழுவி, காயவிடாமல் அன்றே பைகளில் விதைத்தேன். ஒன்பது முளைத்தன. அவற்றில் ஆறு கன்றுகளை எங்கள் பங்குக் கல்லறைத் தோட்டத்தின் வேலியோரம் நடலாமா என்று பங்குத்தந்தையிடம் கேட்டேன்.

“முள்செடி ஆயிற்றே அம்மா?” என்றார்.

“வேலிக்கு முள் வேண்டுமே சாமி,” என்றேன்.

இப்போது அவை முழங்கால் உயரம். காய்க்க இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். ஞாயிறு மறைக்கல்வி முடிந்ததும் பேத்திதான் வாளியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுகிறாள். முள் குத்தியதாகச் சொல்லி நேற்று விரலைக் காட்டினாள்.