மணலில் எழுதிப் படித்த ஜெர்மன்காரர்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள், பரீட்சை வைக்க மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகள் ஜெர்மனியிலிருந்து போன் செய்தாள். நர்சிங் பயிற்சிக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது. எப்போதும் கலகலவென்று பேசுகிறவளுக்கு அன்று குரலே சரியில்லை. “பெரியம்மா, நான் பேசினா வார்டுல சிரிக்கிறாங்க. பக்கத்து வீட்டு நாலு வயசுக் குழந்தை என்னைத் திருத்துது. இங்க நான் ஒண்ணும் தெரியாதவ மாதிரி நிக்கிறேன். திரும்பி வந்துடட்டுமா?” என்றாள்.

பண்ருட்டியில் உட்கார்ந்திருக்கும் நான் என்ன சொல்ல? எனக்குத் தெரிந்த ஜெர்மன்காரர் ஒருவர்தான். அவர் கதையைச் சொன்னேன்.

தரங்கம்பாடிக்கு உங்களைச் சுற்றுலா கூட்டிப்போனது நினைவிருக்கிறதா? கோட்டையைப் பார்த்தோம், கடலில் கால் நனைத்தோம், புளிசாதம் சாப்பிட்டோம். ‘தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர் சீகன்பால்கு, 1715’ என்று ஒரு மதிப்பெண் விடையாக எழுதவைத்ததோடு என் வேலை முடிந்துவிட்டது. அவர் எப்படி வாழ்ந்தார் என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன்.

1706 ஜூலை 9 அன்று அவர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். மறுநாள்தான் அவருக்கு 24 வயது முடிந்தது. டென்மார்க் அரசர் அனுப்பிய மிஷனரி. கூட வந்தவர் புளுட்சோ என்ற இன்னொரு ஜெர்மன்காரர். கப்பலில் ஏழு மாதத்துக்கு மேல் பயணம். வந்த வேலை மதத்தைப் போதிப்பது. ஆனால் ஊரார் பேசுவதில் ஒரு வார்த்தை புரியவில்லை.

என்ன செய்தார் தெரியுமா? ஒரு வயதான திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டு, அந்தப் பள்ளியையே தன் வீட்டுக்கு வரவழைத்தார். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதினார். எழுத்து வந்தது, பொருள் வரவில்லை. வாத்தியாருக்குத் தமிழ் தவிர வேறு பாஷை தெரியாது. பிறகு ஐரோப்பிய மொழிகள் தெரிந்த அழகப்பன் என்பவர் துணைக்கு வந்தார். எட்டு மாதத்தில் படிக்கவும் எழுதவும் பேசவும் வந்துவிட்டதாக சீகன்பால்கு எழுதியிருக்கிறார்.

அவருடைய அன்றாட அட்டவணையும் கடிதத்தில் இருக்கிறது. காலை ஏழிலிருந்து எட்டு வரை முன்பு படித்த சொற்களைத் திரும்பச் சொல்லிப் பார்ப்பது. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ் ஏடுகள் மட்டும். பக்கத்தில் ஒரு வயதான புலவர், ஓர் எழுத்தர். புதுச்சொல் வந்தால் எழுத்தர் உடனே குறித்துக்கொள்வார். மதியம் கொஞ்சம் ஓய்வு, பிறகு பிள்ளைகளுக்குப் பாடம், மறுபடி ஏடு. இரவு விளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்குச் சிரமம் என்று, ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பார். பிடித்த நடையில் எழுதிய நூலை நூறு தடவை படிக்கச் சொல்வாராம்.

அதே ஊரில் டேனிஷ் கோட்டைத் தலைவரோடு தகராறாகி, 1708 கடைசியில் நான்கு மாதம் சிறையிலும் இருந்தார். வெயிலும் நோயும் சேர்ந்து 1719-ல் அவரைக் கொண்டுபோயின. வயது 36. ஒரு வருஷம் முன்னால் கட்டி முடித்த புது எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம்.

நம் சாமிகளைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் எனக்கு உடன்பாடில்லை. மாற்றத்தான் வந்தார், அதை மறைக்கவும் இல்லை. ஆனாலும் இங்குள்ளவர்கள் என்ன படிக்கிறார்கள், எதை வணங்குகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். நம் தெய்வங்களைப் பற்றி 1713-ல் அவர் எழுதி முடித்த புத்தகம் 1867-ல்தான் அச்சாகியது. சொல்ல வந்தவர் நிறையக் கேட்டுவிட்டார்.

இதையெல்லாம் சொல்லி, “அவருக்கே எட்டு மாசம் ஆச்சு, உனக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு” என்றேன். சிரித்தாள். போனை வைத்த பிறகு எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஏனென்றால், எனக்கு ஒரு பையன் ஞாபகம் வந்துவிட்டான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. நெய்வேலி சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலைக்கு வந்த தெலுங்குக் குடும்பம். அவனை மூன்றாம் வகுப்பில் என்னிடம் விட்டார்கள். எதைக் கேட்டாலும் விழிப்பான். ஆசிரியர் பயிற்சியில் குழந்தை உளவியல் படித்து நல்ல மார்க் வாங்கியவள் நான். இரண்டு மாதம் பார்த்துவிட்டுக் கடைசி வரிசைக்கு அனுப்பினேன். பதிவேட்டில் ‘மந்தம்’ என்று எழுதினேன். ஒருநாள் கரும்பலகையில் போட்ட கணக்குக்கு, வாய் திறக்காமல் விரல்களைக் காட்டியே விடை சொன்னான். சரியான விடை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வருஷக் கடைசியில் குடும்பம் வேறு ஊர் போய்விட்டது.

அந்தத் திண்ணை வாத்தியார் பயிற்சிப் பள்ளிக்குப் போனவரில்லை. தலை நிமிர்ந்து பார்க்கவேண்டிய உயரத்தில் வந்த வெள்ளைக்காரரை ‘மந்தம்’ என்று சொல்லாமல், பிள்ளைகளுக்கு நடுவில் மணலில் உட்காரவைத்தார். நான் ஒரு சின்னப் பையனைப் பின்னால் தள்ளினேன். பாஷை தெரியாததையும் அறிவில்லாததையும் ஒன்றாக நினைத்த தப்பு என்னுடையது.

நேற்று தங்கை மகளிடமிருந்து செய்தி வந்தது. வார்டில் இருக்கும் பாட்டி ஒருவரிடம் தினமும் கால் மணி நேரம் பேப்பர் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கிறாளாம். பாட்டிக்கும் சந்தோஷமாம்.

உங்கள் வகுப்பில், ஆபீஸில், வீடு கட்டும் இடத்தில் நம் பாஷை தெரியாமல் விழிப்பவர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்காரவையுங்கள். அந்த மூன்றாம் வகுப்பில் படித்தவர்கள் இதைப் படித்தால், அந்தப் பையன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். அவனிடம் ஒரு வார்த்தை பேசவேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், பண்ருட்டி