ஆனையிறவில் நிற்பது டாங்கியா?

கண்டி வீதியால் யாழ்ப்பாணம் செல்வோர் ஆனையிறவில் இறங்கிப் பார்க்கும் இரும்பு வாகனம் ஒன்று உண்டு. தெற்கிலிருந்து வருவோரில் பலர் அதனை யுத்த டாங்கி என்கின்றனர். சிலர் துருப்புக்காவி என்கின்றனர். பத்திரிகைகளும் டாங்கி, கவச வாகனம், புல்டோசர் என மாறி மாறி எழுதி வந்துள்ளன. யுத்தச் செய்திகளோடு நீண்டகாலம் பழகியவன் என்ற முறையில், அது உண்மையில் என்ன என்பதை இங்கு பதிவு செய்ய விரும்புகின்றேன்.

காட்சிக்கு வைக்கப்பட்ட கவச வாகனம் ஒன்றை இனங்காண விரும்புவோர் அதன் மேற்பகுதியைப் பார்த்து ஏமாறக் கூடாது. மேலுள்ள தகடுகளை யாரும் வெட்டலாம், ஒட்டலாம். அடிப்பாகம் பொய் சொல்லாது. நமது மக்கள் ‘பவள்’ என்றழைத்த தென்னாபிரிக்கத் தயாரிப்பான பஃபலை எடுத்துக்கொள்வோம். அது யூனிமொக் லொறியின் அடிச்சட்டத்தில் எழுந்தது. கண்ணிவெடியின் விசையைப் பக்கங்களுக்குத் திருப்பும் வண்ணம் அதன் அடிப்பகுதி கூராகச் சரிந்திருக்கும். சாரதிக்குத் தனிக் கூண்டு. மேலே பத்துப் பேர் முதுகோடு முதுகாக இரு வரிசையில் அமர்வர். இவற்றை அறிந்தவர் எவ்வளவு துருப்பிடித்த பவளையும் இனங்கண்டு விடுவார்.

ஆனையிறவு வாகனத்திலும் அடியிலிருந்தே தொடங்குவோம். அது சங்கிலிச் சில்லுகளில் நிற்கின்றது. ஆனால் டாங்கியின் சில்லுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே மேலும் கீழும் அசையத்தக்கவை. இங்கிருப்பதோ மண் தள்ளும் இயந்திரத்துக்குரிய இறுகிய சட்டம். சுழலும் பீரங்கிக் கோபுரமும் இல்லை. உருக்குத் தகடுகளால் மூடப்பட்ட ஒரு புல்டோசர் அது. மணிக்குச் சுமார் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் ஓட முடியாத ஓர் இயந்திரத்தின் மீது, அதன் எடையை மேலும் கூட்டும் ஒரு பெட்டி.

இது உலகிற்குப் புதிதன்று. 1940இல் நியூசிலாந்தின் அமைச்சர் பொப் செம்பிள், உழவு இயந்திர அடித்தளத்தில் நெளித்தகடுகளைப் பொருத்தி டாங்கிகள் செய்வித்தார். அவை போர்க்களம் காணவில்லை. 1941இல் முற்றுகையிடப்பட்ட ஒடெசா நகரத்தவர் உழவு இயந்திரங்களுக்குக் கவசமிட்டுக் களத்துக்கே அனுப்பினர். ‘அச்சுறுத்துவதற்கு’ என்ற பொருளில் அவற்றுக்குப் பெயரிட்டனர். உண்மையான டாங்கி கைவசம் இல்லாதவர்களே இவ்வாறு செய்கின்றனர்.

1991 ஜூலையில் ஆனையிறவு முகாமை விடுதலைப் புலிகள் முற்றுகையிட்டபோது அவர்களது நிலையும் அதுவே. கடல்நீரேரியும் உப்பளமும் சூழ்ந்த வெட்டவெளி அது. மறைந்து முன்னேற ஒரு மரமும் கிடையாது. குண்டுமழைக்குள் அந்த வெளியைக் கடக்கவே புல்டோசருக்குக் கவசமிட்டனர். சிங்கப் படைப்பிரிவின் காமினி குலரத்ன அதன் மீது ஏறிக் கைக்குண்டுகளை வீசி, அதனை நிறுத்தித் தாமும் மாண்டார். இராணுவத்தின் அதியுயர் விருதான பரம வீர விபூஷணய அவருக்கே முதலில் வழங்கப்பட்டது.

பெயரில் என்ன இருக்கின்றது என்று சிலர் கேட்கக்கூடும். டாங்கி என்றால், எதிரில் பெரும் படையொன்று நின்றது போன்ற தோற்றம் எழுகின்றது. வெறும் புல்டோசர் என்றால், தகடுகளுக்குள் இருந்தவர்கள் மறைந்து போகின்றனர். அவர்களும் யாரோ ஒரு தாயின் பிள்ளைகள். இயந்திரத்தின் மீது ஏறியவரின் பெயரை நாடு அறியும். உள்ளே இருந்தவர்களின் பெயர்களை அவர்களது வீட்டார் மட்டுமே மனதில் வைத்திருப்பர்.

அங்கு வைக்க ஒரு விளக்கப்பலகை எழுதித் தருமாறு என்னிடம் கேட்டால், மூன்று மொழிகளிலும் இவ்வளவே எழுதுவேன்: “மண் தள்ளும் இயந்திரம். போருக்காகக் கவசமிடப்பட்டது. 1991 ஜூலை. இதன் உள்ளும் புறமும் இந்நாட்டு இளைஞர்கள் மாண்டனர்.” இதில் ஒரு சொல்லேனும் பொய்யென்று எத்தரப்பினரும் கூற இயலாது.